இருபத்தோராயிரம் ஜோடியும் ஒரு கண்டனமும்

பிஞ்சுப் பாதங்களின் பெருந்துணையே! பகிர்ந்து கொடுக்கும் பாங்கும், பங்கு பிரிக்கும் நேர்மையும், பரவிக் கிடப்பதைப் பார்த்தறியும் கூர்மையும் ஒருங்கே வாய்த்த ஒண்மதியே! முப்பத்திரண்டு ஆண்டுகள், முன்னறையின் சிடுசிடுப்புக்கும் பின்னறையின் புழுக்கத்துக்கும் நடுவே, முகம் கோணாமல், முனகாமல், முறை தவறாமல் பணிபுரிந்த முதுகலைப் புள்ளியியலே! எங்கள் அட்டவணைகளின் அரசியே, எங்கள் அலுவலகத்தின் அக்காவே! வணக்கம்.

இப்படியே இன்னும் இரண்டு வரி போனால் அக்கா எழுந்து போய்விடுவார். பணி ஓய்வு நாளில் வாசிக்க மடல் எழுதப்போகிறோம் என்று போன மாதத் தொடக்கத்தில் சொன்னதும், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “எழுதுங்க, வேண்டாங்கலை. ஆனா நடந்ததை எழுதுங்க. கருணைக் கடல், கலங்கரை விளக்கம்னு ஆரம்பிச்சீங்கன்னா நான் கேக்கை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்” என்று எச்சரித்திருக்கிறார். ஆகவே அடைமொழிகளை எல்லாம் முதல் பத்தியிலேயே தீர்த்துவிட்டோம். இனி நடந்தது மட்டும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும், பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக, எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல ‘அக்கா’ என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அலுவலகத்தின் வேலை ஒரு வரியில் அடங்கிவிடும்: பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு ஜோடி ஷூ கொடுப்பது. அந்த ஒரு வரிக்காக ஒரு கட்டடம், இரண்டு லாரி, நாற்பத்து மூன்று பேர். முன்னறையில் இயக்குநரும் சட்டப் பிரிவும். பின்னறையில் புள்ளியியல் பிரிவு, அதாவது அக்கா. அந்த அறைக்கும் கிடங்குக்கும் ஒரே சுவர். புது ரப்பர் வாசனையும் பசை வாசனையும் அந்தச் சுவர் வழியாகக் கசிந்து அக்காவின் புடவையில் ஏறி, பேருந்தில் கூடவே பயணம் செய்து, வீடுவரை போகும். அக்காவின் கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவர். “இவ வந்துட்டாங்கிறது கதவைத் திறக்கிறதுக்கு முந்தியே மூக்குக்குத் தெரிஞ்சிடும்” என்பார். அவரும் இன்று வந்திருக்கிறார்.

அக்காவிடம் எங்களுக்குப் பழகிப்போன ஒரு வழக்கம் உண்டு. யார் வந்தாலும் முதலில் காலைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. புதிதாகச் சேர்ந்த தட்டச்சரிடம் பெயர் கேட்பதற்கு முன்னால், “நீ ஒரு நம்பர் சின்னதாப் போட்டிருக்கே. சாயங்காலம் விரல் வலிக்குமே?” என்று கேட்டவர் இவர். கிடங்குக்காரரின் இடது கால் வலது காலைவிடச் சற்றுப் பெரியது என்பது அவரைக் கட்டிக்கொண்டு இருபது ஆண்டு குடித்தனம் நடத்தியவருக்கே தெரியாது. அக்காவுக்கு முதல் நாளே தெரியும். கிடங்குக்காரருக்கும் அக்காவுக்கும் ஆகவே ஆகாது என்று வெளியில் பேச்சு. சணல் கயிறு, ஒட்டு நாடா, அட்டைப்பெட்டி என்று தினமும் எதற்காவது இருவரும் மல்லுக்கு நிற்பார்கள். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் அன்று முழுவதும் சுரத்தில்லாமல் இருப்பார் என்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கொடுப்பது என்பது எங்கள் தொழில். ஆனால் ஒரே கூரைக்குக் கீழே அந்த வேலையை நாங்கள் மூன்று விதமாகப் புரிந்துகொண்டிருந்தோம். கிடங்குக்காரருக்கும் ஓட்டுநருக்கும் விநியோகம் என்றால் ஏற்றுவது, கொண்டுபோவது, இறக்குவது. வண்டி காலியானால் வேலை முடிந்தது. சட்டப் பிரிவுக்குப் பங்கீடு என்றால் உரியவருக்கு உரியதைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது. கையெழுத்து விழுந்துவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க முடியாது. சட்டத்தின் பங்கீட்டை அக்கா தன் வீட்டிலேயே பார்த்தவர். அவருடைய அப்பாவின் வீட்டை மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்தபோது, ஆளுக்கு இத்தனை சதுர அடி என்று நூல் பிடித்த மாதிரிதான் பிரித்தார்கள். தம்பியின் பாகத்துக்குத் தெருப்பக்கம் வாசல் இல்லை என்பது பத்திரம் பதிந்த பிறகுதான் தெரிந்தது. “சட்டப்படி சமம்தான். தம்பி அவன் வீட்டுக்குள்ள போறதுக்கு மட்டும் என் சமையலறை வழியா வருவான்” என்று அக்கா சிரிப்பார். பிற்பாடு அக்காவே தன் பாகத்தில் ஒரு நடைபாதை அளவு விட்டுக்கொடுத்துச் சுவரை நகர்த்திக் கட்டியதை அவர் சொல்லவில்லை; தம்பி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, புள்ளியியலில் வரும் பரவல். அதில் யாரும் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. இருப்பது எப்படி இருக்கிறது, எங்கே அடர்ந்து கிடக்கிறது, எங்கே ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கிறது என்று பார்ப்பது மட்டும்தான். ஐந்தாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் அவர்களின் கால் எல்லாம் ஓர் அளவாகவா இருக்கும்? நடு அளவில் பாதிப் பேர் கூடியிருப்பார்கள், இரு பக்கமும் போகப்போகக் குறைவார்கள், ஓரத்தில் யாராவது ஒரு குட்டிப் பெண்ணும் ஒரு தடிப்பயலும் தனியாக நிற்பார்கள். அந்த ஓரத்தில் நிற்கும் இருவரையும் சேர்த்துப் பார்ப்பதுதான் தன் சம்பளத்துக்கு உரிய வேலை என்று அக்கா நினைத்தார். முதலில் அப்படிப் பார்த்து, பிறகு உரியவருக்கு உரியதை எழுதி, அதன் பிறகே வண்டியில் ஏற்றவேண்டும். இந்த வரிசை ஓர் ஆண்டு தவறிப்போனது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. பள்ளி திறந்து மாதங்கள் ஆகியும் ஷூ வரவில்லை என்று பெற்றோர் சங்கம் ஒன்று நீதிமன்றம் போனது. நூற்று நாற்பத்தெட்டுப் பள்ளிகள், இருபத்தோராயிரத்து அறுநூறு பிள்ளைகள். எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி வீதம் பன்னிரண்டு நாட்களுக்குள் விநியோகித்து முடித்து, அதற்கு அடுத்த வாரம் முடித்தோம் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யவேண்டும் என்று உத்தரவானது. அப்போதைய இயக்குநர் கெட்டவர் அல்லர். பயந்த சுபாவம். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கு அறை நடந்தார். “பன்னிரண்டு நாள்தான்மா. அதுக்குள்ள முடியலைன்னா என்னைக் கூண்டுல ஏத்திடுவாங்க” என்று அக்காவிடம் வந்து நின்றபோது அவருக்கு வியர்த்திருந்தது.

எங்கள் ஷூக்களுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் அட்டைப்பெட்டியில் ஒரே நம்பர்தான் இருக்கும், பெட்டிக்கு இருபத்து நான்கு ஜோடி. வழக்கமாகக் கிடங்கில் எல்லாப் பெட்டியையும் உடைத்து, எந்தப் பள்ளிக்கு எந்த நம்பரில் எத்தனை என்று பிரித்துக் கட்டிய பிறகுதான் வண்டி கிளம்பும். அதற்கே ஒரு மாதம் பிடிக்கும். அந்த ஆண்டு அந்த ஒரு மாதம் கையில் இல்லை. அக்கா மொத்தத்துக்கு ஒரே அட்டவணை போட்டார். இருபத்தோராயிரத்து அறுநூறு ஜோடிக் கால்களில் எந்த நம்பர் எத்தனை இருக்கும் என்பதை முந்தைய ஆண்டுகளின் அளவுகளிலிருந்து அவர் கணித்த கணிப்பு ஏறக்குறைய அச்சாகப் பலித்தது என்பதைப் பிறகு அளந்து பார்த்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். பள்ளிவாரியாகப் போகும் லோடு சீட்டில்தான் கோளாறு. அதில் பள்ளியின் பெயருக்கு நேரே மொத்த ஜோடி எத்தனை என்று எழுதி, எந்த நம்பரில் எத்தனை என்ற இடத்தை வெறுமனே விட்டு, அடியில் ‘விகிதப்படி பிரித்துக்கொள்ளவும்’ என்று ஒரு வரி எழுதி, தட்டச்சு செய்து கிடங்குக்கு அனுப்பச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

தொள்ளாயிரம் பெட்டியையும் உடைத்து விகிதப்படி பிரிக்க அந்த நாட்களில் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. கிடங்கின் பழக்கமோ முதலில் இறங்கியது முதலில் ஏறுவது. முதலில் இறங்கியவை சின்ன நம்பர்கள். அவை முதல் வண்டிகளில் ஏறிக் கிழக்குச் சாலைப் பள்ளிகளுக்குப் போயின. கடைசியில் இறங்கிய பத்து, பதினொன்று, பன்னிரண்டு எல்லாம் கடைசி வண்டிகளில் மேட்டுச் சாலைக்குப் போயின. ஒவ்வொரு பள்ளிக்கும் எண்ணிக்கை ஒரு ஜோடிகூடப் பிசகவில்லை. தலைமையாசிரியர்கள் பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். பதினோராம் நாள் மாலை கடைசி ரசீதும் வந்து சேர்ந்தது. இயக்குநர் கேக் வரவழைத்தார்.

மறுநாள் புதன்கிழமை. அக்கா பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து வழக்கம்போலத் தெருவில் போகும் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். பாதிப் பேர் வெறுங்கால். சிலர் வாத்து நடை நடந்தார்கள். ஒரு சின்னப் பெண் ஷூ இரண்டையும் கயிற்றால் கட்டிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு போனாள். அக்கா அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார். அந்தப் பெண்ணின் அம்மா பள்ளிக்கு எதிரே பழக்கடை வைத்திருப்பவர்.

“ஷூ வந்துடுச்சாம்மா?” என்று அக்கா கேட்டார்.

“வந்துடுச்சு. அதுக்கேத்த காலுதான் இன்னும் வரலை” என்றார் பழக்கடைக்காரர். “வளரட்டும்னு வெச்சிருக்கேன். இவ கல்யாணத்துக்குப் போட்டுக்கலாம்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவைத்தார். ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். பதினொன்று. அந்தப் பெண்ணுக்கு நான்கு போதும். உள்ளே போய்ப் பார்த்தால் முதல் வகுப்பிலிருந்து கடைசி வகுப்புவரை எல்லோருக்கும் பதினொன்று. தன் கையால் எழுதிய அந்த ஒரு வரி அக்காவுக்கு அங்கேயே, அந்த வகுப்பறை வாசலிலேயே நினைவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

அலுவலகத்துக்கு வந்து நேரே கிடங்குக்குள் போனார். அன்று நடந்த சண்டை முன்னறைவரை கேட்டது.

“பெட்டியை உடைக்காமலா ஏத்தினீங்க?”

“உடைச்சுப் பிரிக்க நேரம் குடுத்தீங்களா? விகிதப்படின்னு எழுதினா பெட்டி தானாப் பிரிஞ்சுக்குமா?”

கிடங்குக்காரர் இன்னும் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தார். அதற்குள் அக்கா, “ஜீப் இருக்கா? வாங்க, போய் அளந்து பார்ப்போம்” என்றார். இரண்டு நாட்களில் ஒன்பது பள்ளிகள். கிடங்குக்காரர் தரையில் மண்டியிட்டுச் சுண்ணக்கட்டியால் கால்களைச் சுற்றிக் கோடு போட, அக்கா எழுதினார். கிழக்குச் சாலையில் பெரிய பிள்ளைகள் குதிகால் பகுதியைப் பிளேடால் வெட்டிவிட்டுப் பாதிக் காலை நுழைத்திருந்தார்கள். பத்துப் பேரில் இரண்டு பேருக்குத்தான் பொருந்தியது.

வெள்ளிக்கிழமை பிரமாணப் பத்திரம் தயாராக இருந்தது. ‘ஆளுக்கு ஒரு ஜோடி வீதம் விநியோகம் முழுமையாக நிறைவேறியது’ என்று எழுதி, இணைப்பாக அக்காவின் அட்டவணை. அதன் அடியில் அக்கா கையெழுத்திட வேண்டும். அந்த மாதம்தான் பதவி உயர்வுப் பட்டியலும் வெளியாக இருந்தது. துணை இயக்குநர் இடத்துக்கு அக்காவின் பெயர் முதலில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். இயக்குநர் பேனாவை நீட்டினார்.

“கோர்ட்டு கேட்டது ஆளுக்கு ஒரு ஜோடி. குடுத்தாச்சு, கையெழுத்தும் வாங்கியாச்சு. பொருந்துதான்னு யாரும்மா கேட்டா?”

“யாரும் கேக்கலைங்க சார்.”

“அப்புறம் என்ன? அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம்.”

“அடுத்த வருஷம் கால் இன்னொரு நம்பர் ஏறிடும் சார்” என்றார் அக்கா. திங்கட்கிழமை போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அக்கா ஒன்றும் தயங்காத வீராங்கனை என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். ஆனால் நடந்ததை எழுதச் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு நாட்கள் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று கணவர் சொன்னார். கையெழுத்துப் போட்டால் பதவி. போடாமல் உள்ளதைச் சொன்னால் மெமோ, இயக்குநருக்கு நீதிமன்ற அவமதிப்பு, தன் பெயருக்குக் கரும்புள்ளி. பிரமாணப் பத்திரத்தில் பொய்யென்று ஒரு சொல்லும் இல்லை என்பதுதான் அவரை அதிகமாகப் படுத்தியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில், “எல்லாமே சரியா இருக்குங்க. எண்ணிக்கை சரி, ரசீது சரி, மொத்த அட்டவணையும் சரி. பிள்ளைங்க மட்டும் வெறுங்காலோட போகுது” என்றாராம். கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “துணை இயக்குநருக்கு ரூம்ல ஏசி இருக்குமே?” என்று கேட்டிருக்கிறார். “இருக்கும்.” “உனக்கு ஏசி ஒத்துக்காது. சளி பிடிக்கும்.” மனிதர் சொன்னது அவ்வளவுதான். அக்கா எழுந்துபோய் ஒன்பது பள்ளிகளின் அளவுகளையும் சுத்தமாக எழுதி இரண்டாவது இணைப்பாக வைத்தார். திங்கட்கிழமை இரண்டு இணைப்பிலும் கையெழுத்திட்டுக் கொடுத்தார்; பத்திரம் அப்படியே நீதிமன்றம் போனது.

நீதிமன்றத்துக்கு எங்களில் ஆறு பேர் போயிருந்தோம். மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீதிபதி இரண்டாவது இணைப்பைப் படித்துவிட்டு அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார்.

“விநியோகம் முடிஞ்சுதா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துடுச்சுங்க ஐயா. பிள்ளைங்களுக்கு இன்னும் சேரலை” என்றார் அக்கா. ஒரே வார்த்தை கேட்டால் ஏழு வார்த்தை சொல்வது அவர் வழக்கம்.

“அப்ப புதுசா வாங்கணுமா?”

“வேண்டாங்க ஐயா. எல்லா ஷூவும் இருக்கு, எல்லாக் காலும் இருக்கு. இடம்தான் மாறிக் கிடக்கு. மூணு வாரம் குடுத்தீங்கன்னா மாத்திடலாம்.”

நீதிபதி குனிந்து மேசைக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். தன் ஷூவைத்தான் பார்த்தார் என்று நாங்கள் நினைக்கிறோம். பிறகு, “தப்பு யாரோடது?” என்றார்.

“அட்டவணை என்னோடது. கையெழுத்தும் என்னோடது.”

“வேற யாரும் இல்லையா?”

“வேற யாரும் இல்லைங்க ஐயா.”

மூன்றாம் பெஞ்சில் யாரும் அசையவில்லை.

மூன்று வாரம் கிடைத்தது. இயக்குநர் மீது நடவடிக்கை வேண்டாம் என்று நீதிபதி விட்டுவிட்டார். தவறுக்கு ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டதால் போதும் என்றார். ஆறு பெரிய பள்ளி மைதானங்களில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை சுண்ணாம்பால் பெரிய எண்கள் போட்டோம். கிழக்குச் சாலை, மேட்டுச் சாலை என்று எல்லாப் பக்கத்து ஷூக்களும் கலந்து லாரியில் வந்து அந்தந்த எண்ணின் மேல் குவிந்தன. சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் வந்து நின்று, அளந்து, எடுத்துக்கொண்டு போனார்கள். அக்காவுக்கு நான்காம் நாளே தொண்டை போய்விட்டது; அதன் பிறகு கையை ஆட்டியே வேலை வாங்கினார். கிடங்குக்காரர் யாரும் சொல்லாமலே ஆட்களோடு ஆளாகப் பெட்டி சுமந்தார். பத்தொன்பதாம் நாள் முடிந்தது. வெட்டிப் பாழாக்கியவை நாற்பத்தொரு ஜோடி. அந்த நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு அரையாண்டு கழித்துத்தான் கொடுக்க முடிந்தது. அக்கா அந்தப் பள்ளிகளுக்கு நேரில் போய், ஏன் தாமதம் என்று அந்தப் பிள்ளைகளிடமே சொல்லிவிட்டு வந்தார். ஒரு பையன், “பரவாயில்லை மிஸ், அதுவரைக்கும் இதையே செருப்பா ஓட்டிக்கிறேன்” என்றானாம்.

பிறகு மெமோ வந்தது. விசாரணை நடந்தது. அக்காவின் பணிப் பதிவேட்டில் ‘கவனக்குறைவுக்காகக் கண்டிக்கப்படுகிறார்’ என்று சிவப்பு மையில் ஏறியது. பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. இரண்டு ஆண்டு இளையவர் ஒருவர் துணை இயக்குநரானார். அக்கா அதே பின்னறையில், அதே நாற்காலியில், மேலும் ஒன்பது ஆண்டுகள். இன்று எங்கள் ரசீதுப் படிவத்தில் எத்தனை ஜோடி பெற்றீர்கள் என்பதற்கு அடுத்து, எத்தனை பேருக்குப் பொருந்தியது என்று ஓர் இடம் இருக்கிறதே, அது அக்கா வைத்தது. அதை நிரப்பாத ரசீதை இப்போது எந்த நீதிமன்றமும் கேட்காமலே நாங்கள் திருப்பி அனுப்புகிறோம்.

போன மாதம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, அந்தக் கண்டனத்தை நீக்கும்படி இன்றைய இயக்குநருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். அக்கா அதைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “வேண்டாம். அது நடந்தது. நடந்ததை எடுத்துட்டா அட்டவணை தப்பாயிடும்.”

விண்ணப்பம் திரும்பி வந்த மறுநாள் கிடங்குக்காரர் ஒரு தாளைக் கொண்டுவந்து, இந்த மடலில் இதை அப்படியே சேர்க்கவேண்டும், ஓர் எழுத்தும் மாற்றக் கூடாது என்றார். அவர் எழுதியது இது:

‘அக்கா, கிழக்குச் சாலை முதல் வண்டியில் எழுபது பெட்டி ஏறியது. எழுபதிலும் மூன்று என்று போட்டிருந்தது. நான் படித்தேன். எனக்குப் படிக்கத் தெரியும். ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கால் இருக்காது என்பதும் தெரியும். பக்கத்து அறைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்து அடி தூரம். நீங்களே எழுதிவிட்டீர்கள், எனக்கென்ன என்று இருந்தேன். உங்கள் மேல் அன்றைக்குக் கயிறு விஷயமாகக் கோபம். நீதிபதி வேறு யாரும் இல்லையா என்று கேட்டபோது நான் மூன்றாம் பெஞ்சில் என் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஒன்பது வருடத்தில் நீங்கள் ஒரு நாளாவது குத்திக் காட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கயிற்றைப் பற்றி மட்டும்தான் சண்டை போட்டீர்கள்.’

இதைப் படித்த பிறகு மற்றவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த லோடு சீட்டைத் தட்டச்சு செய்தவர், காலியாக இருந்த இடத்தைப் பார்த்ததையும், கேட்டால் நேரமாகுமே என்று விட்டதையும் சொன்னார். ஓட்டுநர், மேட்டுச் சாலைப் பள்ளியில் ஓர் ஆசிரியை பெட்டியைப் பிரித்துப் பார்த்து, “எல்லாம் பெருசா இருக்கே” என்று சொன்னதையும், “ரசீதுல எண்ணிக்கை சரியான்னு மட்டும் பாருங்க மிஸ்” என்று தான் சொல்லிவிட்டு வந்ததையும் சொன்னார். சட்டப் பிரிவு எழுத்தர், பொருந்துமா என்ற கேள்வி பத்திரம் எழுதும்போதே தன் மனதில் வந்ததென்றும், உத்தரவில் அந்தச் சொல் இல்லாததால் நிம்மதியாக மூச்சுவிட்டதாகவும் சொன்னார். உள்ளதை உள்ளபடி பார்ப்பதுதான் உங்கள் தொழில், அக்கா. அன்று நீங்கள் நீதிமன்றத்தில் வைத்த இணைப்பில் ஒன்பது பள்ளிகளும் சரியாக இருந்தன. தவறு எப்படிப் பரவிக் கிடந்தது என்பது மட்டும் சரியாக இல்லை. முழுவதையும் ஒரே இடத்தில் குவித்துக் காட்டிவிட்டீர்கள்.

ஆகவே உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கண்டனத்தை நீக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். இந்த மடலின் ஒரு படி உங்கள் பணிப் பதிவேட்டில் அந்தச் சிவப்பு வரிக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டப்படும். இன்றைய இயக்குநர் ஒப்புதல் அளித்திருக்கிறார். இன்னொரு படி கண்ணாடிச் சட்டத்துக்குள் உங்கள் வீட்டுக்கு வருகிறது. எங்கே மாட்டுவது என்பதை உங்கள் கணவரே முடிவு செய்யட்டும்.

அன்புக்குரிய அக்காவே! அவசரமில்லாத காலைகளும், அளவெடுக்க வேண்டாத தெருக்களும், முகத்தை முதலில் பார்த்துப் பேசுகிற சாவகாசமும் உங்களுக்கு நிறைய நிறையக் கிடைக்கட்டும். நோயின்றி, நோவின்றி, நூறு ஆண்டு நடக்க உங்கள் கால்கள் உங்களுக்கு உதவட்டும். ஒன்பது ஆண்டுகள் நீங்கள் ஒருவராகச் சுமந்ததை, காலங்கடந்தாவது, இன்று எங்களுக்குள் பிரித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அன்று மூன்றாம் பெஞ்சில் எழுந்து நிற்காதவர்கள்:

கிடங்குக்காரர், பெட்டியில் இருந்த நம்பரைப் படித்தவர்.
தட்டச்சர், காலியிடத்தைப் பார்த்தவர்.
ஓட்டுநர், ஆசிரியையின் பேச்சைக் காதில் வாங்காதவர்.
சட்டப் பிரிவு எழுத்தர், கேள்வியை விழுங்கியவர்.
கணக்குப் பிரிவு உதவியாளர், கேக்கை வெட்டியவர்.

இவர்களோடு, ஓய்வுபெற்று ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, நாங்கள் அழைக்காமலே நேற்றுப் பேருந்து பிடித்து வந்து, முழுவதையும் நின்றுகொண்டே படித்துவிட்டு, பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்திட்ட முன்னாள் இயக்குநர், அவசரப்படுத்தியவர்.